யுஎஸ்ஜிஎஸ் நிலநடுக்க வரைபடம்: ஒரு புவியியல் ஆசிரியையின் மதிப்புரை

ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புவியியல் எடுப்பவள் நான். எங்காவது பெரிய நிலநடுக்கம் என்று செய்தி வந்தால், மறுநாள் வகுப்பில் பாடம் நடத்த விடமாட்டார்கள். “எவ்வளவு மிஸ்?” என்பதுதான் முதல் கேள்வி. அந்த “எவ்வளவு” என்ற ஒற்றை எண்ணைத் தாண்டி அவர்களைக் கூட்டிப் போக எனக்குக் கைகொடுப்பது, அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையமான யுஎஸ்ஜிஎஸ் நடத்தும் ‘லேட்டஸ்ட் எர்த்குவேக்ஸ்’ வரைபடம். காசு கிடையாது, விளம்பரம் கிடையாது, கணக்குத் தொடங்கவும் வேண்டாம்.

திறந்தவுடன் கடந்த ஒரு நாளில் 2.5க்கு மேல் பதிவான நிலநடுக்கங்கள் புள்ளிகளாகத் தெரியும். புள்ளி பெரிதாக இருந்தால் நடுக்கம் பெரியது. நிறம் வயதைச் சொல்லும். ஒரு மணி நேரத்துக்குள் நடந்தது சிவப்பு. முதல் தடவை பார்ப்பவர்கள் இங்கேயே ஏமாறுவார்கள். கலிபோர்னியாவும் அலாஸ்காவும் புள்ளிகளால் நிறைந்திருக்கும், உலகத்தின் பாதி காலியாகக் கிடக்கும். அமெரிக்காவில் மட்டும்தான் பூமி ஆடுகிறது என்று அதற்குப் பொருளில்லை. அங்கே கருவிகள் நெருக்கமாக இருப்பதால் சின்ன அதிர்வுகளும் பட்டியலில் ஏறுகின்றன. மற்ற நாடுகளில் ஏறக்குறைய 4.5க்கு மேற்பட்டவைதான் ஒழுங்காக வரும். அதனால் அமைப்புகளுக்குள் போய் ‘7 நாள், 4.5க்கு மேல்’ என்று மாற்றுங்கள், பூமியின் மேற்பரப்பாக அமைந்த பெரும் பாறைத் தட்டுகளின் எல்லைகளையும் காட்டச் சொல்லுங்கள். புள்ளிகளில் பெரும்பாலானவை பசிபிக்கைச் சுற்றி வரிசையில் வந்து நிற்கும்.

இந்தத் தளத்தின் உண்மையான செல்வம் வரைபடத்தில் இல்லை, ஒவ்வொரு புள்ளிக்கும் பின்னால் இருக்கும் தனிப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே நான் பிள்ளைகளை முதலில் பார்க்கச் சொல்வது ஆழத்தை. 2013 மே மாதம் ரஷ்யாவின் கிழக்குக் கோடியில் உள்ள ஒக்கோட்ஸ்க் கடலுக்கு அடியில் 8.3 அளவில் ஒரு நிலநடுக்கம். ஆறாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் மாஸ்கோவில்கூட உணர்ந்தார்கள், ஆனால் உயிர்ச்சேதம் இல்லை. 2025 ஆகஸ்ட் 31 இரவு ஆப்கானிஸ்தானின் குனார் பகுதியில் வந்தது வெறும் 6.0. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அளவில் ஒரு படி ஏறினால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 32 மடங்கு கூடும். அந்தக் கணக்கில் முதலாவது இரண்டாவதைவிட ஏறத்தாழ 2,800 மடங்கு பெரியது. ஆனால் ஒக்கோட்ஸ்கில் ஆழம் சுமார் 600 கிலோமீட்டர், குனாரில் 8 கிலோமீட்டர். அதுவும் மண்ணும் கல்லும் வைத்துக் கட்டிய வீடுகளில் மக்கள் தூங்கிக்கொண்டிருந்த நேரம். இந்த இரண்டு பக்கங்களையும் அடுத்தடுத்துத் திறந்து காட்டிய அன்றைக்கு வகுப்பில் ஒருவரும் பேசவில்லை. செய்தியில் எண்ணை மட்டும் கேட்டுவிட்டு “ஆறுதானே” என்று சொல்லும் பழக்கம் எனக்கும் அதோடு பொறுக்க முடியாததாகிவிட்டது.

ஆழத்தை வைத்து இன்னொரு பயிற்சியும் உண்டு. தென் பசிபிக்கில், கடலடியில் ஆழமான பள்ளமாக இருக்கும் டோங்கா அகழிப் பக்கம் வரைபடத்தைப் பெரிதாக்கி, கிழக்கிலிருந்து மேற்கே பிஜியை நோக்கி ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டுக்கொண்டே போகச் சொல்வேன். அகழியின் அருகே 20, 30 கிலோமீட்டர். கொஞ்சம் தள்ளி 100, 200. பிஜியை நெருங்கும்போது 500, 600. பசிபிக் தட்டு சரிந்து பூமிக்குள் இறங்குவதைப் பாடப்புத்தகம் அம்புக்குறி போட்டுச் சொல்கிறது. இங்கே அந்தச் சரிவைப் பிள்ளைகளே விரலால் இறங்கிப் பார்க்கிறார்கள். இந்த ஒரு காரணத்துக்காகவே இந்தத் தளத்துக்கு நான் முழு மதிப்பெண் போடுவேன். ஒன்றை மட்டும் மனதில் வைக்க வேண்டும்: பல புள்ளிகளில் ஆழம் சரியாக ‘10 கிலோமீட்டர்’ என்றே இருக்கும். மேலோட்டமான நடுக்கம் என்று தெரிந்தும் துல்லியமாகக் கணக்கிடப் போதிய பதிவு இல்லாதபோது அந்த எண்ணை நிலையாக வைத்துக்கொள்கிறார்கள்.

அடுத்தது, எந்த இடம் எவ்வளவு கடுமையாக ஆடியது என்று காட்டும் அதிர்வு வரைபடம். புள்ளி என்பது பூமிக்குள் பாறை முறியத் தொடங்கிய இடம், அவ்வளவுதான். 2025 மார்ச் 28 மியான்மர் நிலநடுக்கத்தின் பக்கத்தைத் திறந்தால் இது சட்டென்று விளங்கும். 7.7 அளவு, மையம் மாண்டலே அருகே. ஆனால் வட்டம் வட்டமாக விரியாமல், சகாயிங் பிளவு என்ற நிலத்தடிப் பாறை வெடிப்பை ஒட்டி வடக்கு தெற்காக நீண்ட பட்டையாக அதிர்வு படர்ந்திருக்கும், நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு. தெற்கே வெகுதூரத்தில் இருக்கும் தலைநகர் நேப்பிடோ ஏன் அப்படிச் சிதைந்தது என்பதற்கு விடை அந்தப் பட்டையில்தான் இருக்கிறது. பாங்காக்கில் கட்டிக்கொண்டிருந்த அடுக்குமாடி இடிந்தது வேறு கதை. மென்மையான களிமண் படுகை, தூரத்திலிருந்து வரும் மெதுவான அலைகளைப் பெரிதாக்கிவிடும்.

‘பேஜர்’ என்ற பகுதியைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். எத்தனை பேர் எவ்வளவு கடுமையான அதிர்வுக்கு ஆளானார்கள், அங்குள்ள கட்டடங்கள் எப்படிப்பட்டவை என்று பார்த்து, உயிரிழப்பும் பொருளிழப்பும் எந்த அளவுக்குப் போகலாம் என்று மதிப்பிட்டு, பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறம் கொடுக்கிறது. ஒரே எண்ணாகச் சொல்லாமல், நூறு முதல் ஆயிரம் வரை இத்தனை சதவீதம், ஆயிரம் முதல் பத்தாயிரம் வரை இத்தனை சதவீதம் என்று வாய்ப்புகளாகப் பிரித்துத் தருகிறார்கள். மியான்மருக்குச் சிவப்பு வந்தபோது, அங்கிருந்து படங்களோ தகவலோ சரியாக வந்துசேரவில்லை. அந்த நேரத்தில் நிவாரணக் குழுக்களுக்கு இதைவிடப் பயனுள்ள தகவல் என்ன இருக்க முடியும்?

எண் மாறுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலருக்கு இதில் சந்தேகம் வருகிறது. 2025 ஜூலையில் ரஷ்யாவின் கிழக்குக் கோடியில் உள்ள கம்சட்காவில் நடந்த நிலநடுக்கத்தை முதலில் 8.0 என்றார்கள், பிறகு 8.7, கடைசியில் 8.8. “மறைக்கிறார்கள்” என்று பகிரப்பட்ட செய்திகளை நானே பார்த்தேன். மறைப்பதற்கு இதில் எதுவும் இல்லை. அவ்வளவு பெரிய பிளவு முழுவதும் முறிந்து முடியவே சில நிமிடம் ஆகும். முதல் சில நிமிடங்களின் அலைகளை வைத்துக் கணக்குப் போட்டால் எண் குறைவாகத்தான் வரும். நீண்ட அலைகள் தொலைதூர நிலையங்களுக்குப் போய்ச் சேர்ந்த பிறகே முழு உருவம் தெரியும். தானியங்கிக் கணக்கா, ஆள் பார்த்துச் சரிசெய்ததா என்பது அந்தப் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. திருத்தியதைத் திருத்தியது என்று சொல்லும் தளத்தை நான் நம்புவேன்.

வேகம் வேண்டும் என்றால் வேறு இடம் பார்க்க வேண்டும். பிரான்சிலிருந்து இயங்கும் இஎம்எஸ்சி என்ற நிலநடுக்க மையத்தின் ‘லாஸ்ட்குவேக்’ செயலி அதில் கெட்டிக்காரத்தனமானது. நிலம் ஆடியதும் மக்கள் பதறிப்போய் அதைத் திறக்கிறார்கள் அல்லவா, ஒரே பகுதியிலிருந்து திடீரென்று கூடும் அந்தக் கூட்டத்தையே நிலநடுக்கத்தின் அறிகுறியாக எடுத்துக்கொள்கிறது. எந்த அளவுக்கு ஆடியது என்பதைச் சொல்லப் படங்கள் இருக்கின்றன, மொழி தெரியாதவர்களும் தொட்டுச் சொல்லலாம். வெளிநாட்டில் உறவினர் இருப்பவர்களுக்கு நான் சொல்வது லாஸ்ட்குவேக். என்ன நடந்தது என்று புரிந்துகொள்ள விரும்புபவர்களுக்கு யுஎஸ்ஜிஎஸ். இரண்டுமே நடந்த பிறகு சொல்பவை என்பதை மறக்கக் கூடாது.

மாணவர் ஒருவர் காட்டிய இன்னொரு செயலியின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. “அடுத்த 48 மணி நேரத்தில் பேரழிவு” என்று நள்ளிரவில் அறிவிப்பு அனுப்புகிறது. நாளும் இடமும் அளவும் குறித்து ஒரு பெரிய நிலநடுக்கத்தைக் கணித்துச் சொல்ல இன்றுவரை எவராலும் முடியவில்லை. அச்சத்தை வைத்து விளம்பரம் பார்க்கும் இதுபோன்றவற்றை உடனே அழித்துவிடுங்கள்.

“முன்பைவிட இப்போது அதிகமாகிவிட்டதா?” என்று கேட்பவர்களுக்கு யுஎஸ்ஜிஎஸ் தளத்தின் தேடல் பகுதி இருக்கிறது. 7க்கு மேற்பட்டவை ஆண்டுக்குச் சராசரியாகப் பதினைந்து, பதினாறு. 1989இல் 6தான், 2010இல் 23. ஏறும், இறங்கும். ஆண்டையும் அளவையும் கொடுத்து நீங்களே எண்ணிப் பார்க்கலாம். ஒரே தேடலில் 20,000 பதிவுகள் வரைதான் கிடைக்கும் என்பதால் சிறியவற்றைத் தேடும்போது ஆண்டைப் பிரித்துக்கொள்ளுங்கள். கைபேசியில் இந்தப் பகுதி கொஞ்சம் சிரமம், கணினியில் செய்வது நல்லது.

நிலம் ஆடியதை நீங்களே உணர்ந்தால், அந்தப் புள்ளியின் பக்கத்தில் ‘டிட் யூ ஃபீல் இட்’ என்ற படிவம் இருக்கும். பாத்திரம் ஆடியதா, நிற்க முடிந்ததா, சுவரில் விரிசலா என்று சின்னச் சின்னக் கேள்விகள். பக்கத்து வீட்டுக்காரர் உணர்ந்து நீங்கள் உணரவில்லை என்றாலும் போய் ‘உணரவில்லை’ என்று பதியுங்கள். கருவி இல்லாத இடங்களில் அதிர்வு எதுவரை எட்டியது என்பது இந்தப் பதில்களை வைத்துத்தான் வரையப்படுகிறது.