மாங்குளத்தில் புறொப்பெலர் ஷாஃப்ட் வேலை: கழற்றுவதிலும் பூட்டுவதிலும் கண்ட கவனம்

மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவு செல்லும் ஏ-34 வீதியோரத்தில், தகரக் கூரையும் ஒரேயொரு வேலைக்குழியும் கொண்ட சிறிய கராஜ் ஒன்றில் எங்கள் பிக்கப்பின் கியர்பொக்ஸ் சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டுசெல்லும் நீண்ட தண்டான புறொப்பெலர் ஷாஃப்ட்டைக் கழற்றித் திரும்பப் பூட்டுவித்தோம். வன்னியில் பின்சில்லு ஓட்டமுள்ள வாகனம் வைத்திருப்போருக்குப் பயன்படும் என்பதால் அந்த வேலையைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

முன்னர் வேறோர் ஊரில் ஷாஃப்ட்டை நடுவில் தாங்கும் சென்டர் பெயாரிங்கை மாற்றுவதற்காக அதன் இரண்டு துண்டுகளையும் பிரித்துப் பூட்டியிருந்தார்கள். அதன்பின் ஏ-9 வீதியில் 50 கிலோமீற்றர் வேகத்தைத் தாண்டியதும் இருக்கைக்குக் கீழே அதிர்வு எழுந்தது. வண்டியை எடுக்கும்போது 'டக்' என்று ஒரு சத்தமும் கேட்டது. டயர், அலைன்மென்ட் என்று பலரும் பலதைச் சொன்னார்கள். மாங்குளத்துக் கராஜின் பாஸ் (மெக்கானிக்) எதையும் ஊகித்துச் சொல்லவில்லை. முதலில் தானே ஓட்டிப் பார்த்தார். பிறகே குழிக்குள் இறங்கினார்.

ஷாஃப்ட்டின் பின்முனையில், யு-ஜொயின்ட் என்னும் மடங்கும் இணைப்பின் நடுவிலுள்ள சிலுவை வடிவத் துண்டான கிறொஸ்ஸின் மூடிகளைச் சுற்றிச் செந்நிறத் தூள் படிந்திருந்தது. எங்கள் பக்கத்துக் கிரவல் வீதிகளில் ஓடும் வாகனத்தின் அடிப்பாகம் முழுவதுமே அந்த நிறத்தில்தான் இருக்கும் என்பதால் நான் அதைப் புழுதி என்றே எண்ணியிருந்தேன். அவர் மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்துவிட்டு ஷாஃப்ட்டை முன்னும் பின்னும் திருப்பினார். மூடியின் விளிம்பிலிருந்து மறுபடியும் தூள் உதிர்ந்தது. மாரியில் வெள்ளம் பாயும் வீதிகளில் ஓடியதால் கிறீஸ் கழுவப்பட்டு உள்ளேயிருந்த ஊசி பெயாரிங்குகள் துருப்பிடித்திருந்தன. சத்தத்துக்குக் காரணம் அதுதான்.

அதிர்வுக்குக் காரணம் வேறு. கோணத்தில் சுழலும் யு-ஜொயின்ட் ஒன்று, கியர்பொக்ஸ் சீராகச் சுழன்றாலும், தனக்கு அப்பாலுள்ள தண்டை ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை விரைவுபடுத்தி இரண்டு முறை மெதுவாக்கும். இந்த ஏற்றத்தாழ்வை அடுத்த ஜொயின்ட் ஈடுசெய்ய வேண்டுமானால், முட்கரண்டி போன்ற அவற்றின் கவர்கள் தயாரிப்பாளர் வைத்த அதே நிலையில் அமைந்திருக்க வேண்டும். முந்தைய இடத்தில் அடையாளம் எதுவும் இடாமல் பிரித்ததால், இரண்டு துண்டுகளையும் நடுவில் இணைக்கும் பற்கள் இடம் மாறிப் பூட்டப்பட்டிருந்தன. தொழிற்சாலையில் பொறித்த குறிகளை அவர் கம்பித் தூரிகையால் தேய்த்து வெளிக்கொணர்ந்து எனக்கும் காட்டினார். குறி இல்லாத டிஃபரன்சியல் பிளாஞ்சில் (ஷாஃப்ட்டைப் பின் அச்சோடு போல்ட்டுகளால் பிணைக்கும் தட்டில்), ஒரு போல்ட்டைக்கூடத் தளர்த்துவதற்கு முன், இருபுறமும் வெள்ளைப் பெயின்டால் கோடு இழுத்தார். இந்தக் கராஜை நான் பரிந்துரைப்பதற்கு இந்தப் பழக்கம் ஒன்றே போதுமான காரணம்.

முன்சில்லுகளுக்கு அடை வைத்து, பின்புறத்தை உயர்த்தித் தாங்கிகளில் நிறுத்திய பிறகே ஷாஃப்ட் கழன்றது. அதன் முன்முனையை இழுத்தெடுத்தால் கியர்பொக்ஸ் ஒயில் வழியும். பின்புறம் உயர்ந்திருந்ததால் ஒயில் முன்பக்கம் ஒதுங்கியது, திறந்த துளைக்கும் அவர் பழைய ஸ்லீவ் ஒன்றைச் செருகினார். ஒயில் கசிவைத் தடுக்கும் சீலின் உதடு தேய்ந்திருந்ததைக் கண்டு, என்னிடம் கேட்டுவிட்டே அதையும் மாற்றினார்.

புதிய கிறொஸ்ஸைச் சுத்தியலால் அடித்து ஏற்றாமல் வைஸ் என்னும் பிடிகருவியில் வைத்து மெதுவாக அழுத்தியது எனக்கு மிகவும் பிடித்தது. ஓர் ஊசி சரிந்து மூடிக்குள் குறுக்கே விழுந்தாலும் ஜொயின்ட் விரைவில் கெட்டுவிடும். மூடிகளைப் பிடித்துவைக்கும் சேர்க்கிளிப்பு வளையங்கள் காடியில் முழுமையாக அமர்ந்ததையும், ஜொயின்ட் எல்லாப் பக்கமும் தடையின்றி அசைவதையும் கையாலேயே சோதித்தார். குறிகள் நேராக வரும்படி ஷாஃப்ட்டைப் பூட்டி, பிளாஞ்ச் போல்ட்டுகளை இறுக்கும் விசையை அளக்கும் டோர்க் ரென்ச்சால் குறுக்குமாறாக இறுக்கி, வழிந்த அளவுக்குக் கியர் ஒயிலும் ஊற்றினார்.

இப்போது அதே வேகத்தில் அதிர்வு இல்லை. கழற்றிய பாகங்களைக் கையில் தந்தார்கள்; பற்றுச்சீட்டில் உதிரிப்பாகமும் கூலியும் தனித்தனியே எழுதப்பட்டிருந்தன.

குறைகளும் உண்டு. ஷாஃப்ட்டைச் சுழற்றிச் சமநிலை பார்க்கும் இயந்திரம் அங்கு இல்லை. குழாய் நெளிந்திருந்தாலோ, சமநிலைக்காக ஒட்டவைத்த தகடு விழுந்திருந்தாலோ வேறிடம்தான் போக வேண்டும், அதை அவர்களே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறார்கள். தரமான கிறொஸ் கையிருப்பில் இல்லாததால் அது வவுனியாவிலிருந்து வரும்வரை வண்டி குழியின் மேலேயே நின்றது. நெல் அறுவடைக் காலத்தில் உழவு இயந்திரங்களும் லொறிகளும் வரிசையில் நிற்கும். அந்த நாட்களில் போவோர் முதலில் பேசி இடம் உறுதிசெய்துகொண்டு, கிறொஸ்ஸின் அளவைக் கேட்டறிந்து அதையும் வாங்கிக்கொண்டு செல்வது நல்லது.