டிஜேஐ மினி 4 ப்ரோ: கால்பந்துப் பயிற்சிக்கு எடுபடுமா?

பயிற்சியைப் படமெடுக்க இந்தச் சின்ன கேமரா ட்ரோனைத் தாராளமாக வாங்கலாம். ஆட்டத்தைப் படமெடுக்கத்தான் வேண்டுமென்றால் காசை வேறு கேமராவில் போடுங்கள்.

காரணம் பேட்டரி. கம்பெனி சொல்லும் 34 நிமிடம் காற்றில்லாத சூழலில் போட்ட கணக்கு. காற்றை எதிர்த்து ஒரே இடத்தில் நின்றுகொண்டு, திரும்பி இறங்க 20 சதவீதம் மிச்சமும் வைத்தால் 22 முதல் 25 நிமிடம்தான் தேறும். ஆட்டத்தின் ஒரு பாதியே 45 நிமிடம், பேட்டரி மாற்றக் கீழே இறக்கும்போதுதான் கோல் விழும். பெரிய பிளஸ் பேட்டரி போட்டால் எடை 249 கிராமைத் தாண்டிவிடும், பல நாடுகளில் 250 கிராமிலிருந்து விதிகள் கடுமையாகின்றன. பயிற்சியில் இந்தச் சிக்கல் இல்லை. ஒரு டிரில் 10, 15 நிமிடம்தான் ஓடும், மூன்று பேட்டரி இருந்தால் முழு செஷனையும் சமாளிக்கலாம். சூடாக இறங்கிய பேட்டரியை உடனே சார்ஜில் போடாதீர்கள்.

எங்கே நிறுத்துவது என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். நேர் மேலிருந்து எடுத்தால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் 105க்கு 68 மீட்டர் மைதானம் முழுதும் சட்டகத்தில் அடங்க 80, 90 மீட்டர் உயரம் வேண்டும். அங்கிருந்து 4கே படத்திலும் ஒரு வீரரின் தோள் அகலம் ஏறக்குறைய 15 பிக்சல்தான். உடம்பு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, பந்து தரையிலா காற்றிலா, எதுவும் தெரியாது.

கோல் கோட்டுக்கு 20 மீட்டர் பின்னால், 30 மீட்டர் உயரத்தில், கேமராவை 40 டிகிரி கீழே சாய்த்து நிறுத்துங்கள். பெனால்டி பாக்ஸிலிருந்து நடுக்கோடு வரை வந்துவிடும், பக்கத்தில் கார்னர் கொடிகள் மட்டும் வெட்டுப்படும். டிஃபன்ஸ் வரிசைக்கும் மிட்ஃபீல்டுக்கும் இடையே விழும் ஓட்டை, பந்தைப் பறிக்க அணி முன்னேறி நெருக்கும்போது (பிரஸ்) கூடவே வராமல் நிற்கும் ஒரே ஆள், இதெல்லாம் இந்தக் கோணத்தில் பளிச்சென்று தெரியும். டச்லைனில், அதாவது மைதானத்தின் பக்கக் கோட்டில், நிற்கும் பயிற்சியாளர் கண்ணுக்கு இவை சிக்குவதேயில்லை. ட்ரோன் வீரர்கள் தலைக்கு மேல் நிற்காது என்பது கூடுதல் லாபம்.

ஆளைத் தானே பின்தொடரும் ஆக்டிவ் டிராக் வசதிப் பக்கமே போகாதீர்கள். ஒரே நிற ஜெர்சியில் இரண்டு பேர் குறுக்கே ஓடினால் ஆளை மாற்றிப் பிடித்துக்கொள்ளும். நமக்கு வேண்டியது பந்தில்லாத பத்துப் பேர் எங்கே நிற்கிறார்கள் என்பதுதான், எனவே கேமரா அசையவே கூடாது.

செட்டிங்கைப் பொறுத்தவரை 4கே, நொடிக்கு 50 ஃபிரேம், பகலில் ஷட்டர் வேகம் 1/500 நொடி. சினிமாக்காரர்கள் சொல்லும் மென்மையான அசைவு இங்கே உதவாது, படத்தை நிறுத்திப் பார்க்கும்போது கால் கலங்கலாக இருக்கக் கூடாது. எக்ஸ்போஷரை (வெளிச்ச அளவை) ஆட்டோவில் விட்டால் மேகம் நகரும்போதெல்லாம் படம் வெளுத்துக் கறுக்கும், லாக் செய்துவிடுங்கள். ஃபிளட்லைட்டில் படம் துடித்தால் ஷட்டரை 1/100க்கு இறக்குங்கள், மின்சாரம் 60 ஹெர்ட்ஸாக இருந்தால் 1/120. உச்ச பிட்ரேட்டான (நொடிக்குப் பதிவாகும் தரவு) 150 எம்பிபிஎஸ்ஸில் நிமிடத்துக்கு 1 ஜிபிக்கு மேல் போகும், வி30 வேகத் தர மெமரி கார்டுதான் தாங்கும்.

இதில் மைக் கிடையாது. பயிற்சியாளர் பேச்சும் வேண்டுமென்றால் சட்டையில் செருகிய போனில் தனியாகப் பதிவு செய்து, தொடக்கத்தில் கையைத் தூக்கி ஒரு விசில் ஊதுங்கள். பிறகு எடிட்டிங்கில் இரண்டையும் அந்த இடத்தில் பொருத்திவிடலாம்.

வீடியோவில் வீரர்களுக்கு இடையிலான தூரம் அளக்க இலவசமாகக் கிடைக்கும் கினோவியா மென்பொருள் போதும். அதில் சாய்ந்த கோணத்தைச் சரிசெய்து அளக்க உதவும் பெர்ஸ்பெக்டிவ் கிரிட் என்ற கட்டத்தின் நான்கு மூலைகளையும் பெனால்டி பாக்ஸின் நான்கு மூலைகளில் பொருத்தி, பாக்ஸின் அளவை 40.32 மீட்டர், 16.5 மீட்டர் என்று கொடுங்கள். பாதத்திலிருந்து பாதத்துக்குத்தான் அளக்க வேண்டும், தலையை வைத்து அளந்தால் கணக்கு தப்பும். காற்றில் ட்ரோன் நகர்ந்துவிட்டாலும் கிரிட்டைத் திரும்பப் பொருத்தியாக வேண்டும். ஆனால் வீட்டில் உட்கார்ந்து செய்யும் அலசலைவிட, தண்ணீர் இடைவேளையில் கன்ட்ரோலர் திரையிலேயே காட்டும் 15 நொடி கிளிப்புக்குப் பலன் அதிகம்.

தடைகளைக் கண்டுபிடிக்கும் சென்சார்கள் கோல் வலையையும் மெல்லிய கம்பியையும் பெரும்பாலும் கோட்டை விடும், இருட்டில் இன்னும் மோசம். ட்ரோன் தானாகக் கிளம்பிய இடத்துக்குத் திரும்பும் ரிட்டர்ன் டு ஹோம் உயரத்தை ஃபிளட்லைட் கம்பங்களுக்கு மேலே வைத்துக்கொள்ளுங்கள். புல்லிலிருந்து நேராகக் கிளப்பினால் இறக்கை புல்லில் அடிபடும், ஒரு லேண்டிங் பேட் அவசியம்.

பக்கத்து மைதானத்தில் வேறு அணி ஆடினால் கேமராவை அந்தப் பக்கம் திருப்பாதீர்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நியூசிலாந்து மகளிர் அணியின் பயிற்சியை ட்ரோனில் எட்டிப் பார்த்ததற்காகக் கனடா அணிக்கு ஃபிஃபா 6 புள்ளிகளை வெட்டியது, பயிற்சியாளர் பெவ் பிரீஸ்ட்மனுக்கு ஓராண்டுத் தடையும் விதித்தது.

ஆட்டத்துக்கு வியோ கேம் 2 போன்ற கம்பத்துக் கேமராதான் சரி. இரண்டு 4கே லென்ஸ், நடுக்கோட்டுக்கு நேராக டச்லைன் ஓரத்தில் உயரமான டிரைபாட், பந்தைத் தானே பின்தொடரும் மென்பொருள், ஆள் நின்று இயக்க வேண்டியதில்லை. ஆனால் சந்தா கட்ட வேண்டும், ஆட்டம் முடிந்து வீடியோ அப்லோட் ஆகும்வரை காத்திருக்கவும் வேண்டும். பலத்த காற்றில் டிரைபாட் ஆடும், கால்களில் மணல் மூட்டை கட்டாமல் விடாதீர்கள்.