பெட்டியில் இருந்த ‘இஎன் 166’ கண்ணாடியில் இல்லை

பிரிட்டனில் புதிதாக ஏர்சாஃப்ட் (பிளாஸ்டிக் குண்டு சுடும் துப்பாக்கியோடு ஆடும் போலிச் சண்டை விளையாட்டு) ஆடப் போகிறவர்கள், இணையத்தில் மலிவு விலை ‘ஸ்டார்டர் கிட்’ வாங்குவதற்கு முன் இதை ஒரு தடவை படித்துவிடுங்கள். எங்களுக்கு 119 பவுண்டு போனது, ஒன்றரை மாதம் மல்லுக்கட்டித் திரும்பவும் வந்துவிட்டது. என் மச்சினனின் கண் தப்பியது மட்டும் ஒரு மார்ஷலின், அதாவது களத்தின் பாதுகாப்பைக் கவனிப்பவரின், புண்ணியம்.

மச்சினன் படிக்க வந்தவன். கூடப் படிக்கும் பையன்களோடு ஒரு ஞாயிறு ஆடிவிட்டு வந்ததிலிருந்து இதே பேச்சு. “மாமா, வாடகைக்கே ஒவ்வொரு தடவையும் 40 பவுண்டு போகுது. மூணு தடவை வாடகை காசுல சொந்தமா ஒண்ணு வாங்கிடலாம்” என்றான். கணக்கு எனக்கும் சரியாகத்தான் பட்டது. நீல நிற உடலோடு ஒரு மின்சார ரைஃபிள், பேட்டரி, சார்ஜர், 2000 பிளாஸ்டிக் குண்டு, பாதுகாப்புக் கண்ணாடி, எல்லாம் சேர்த்து ஒரே விலை. ‘விநாடிக்கு 380 அடி வேகம்’, ‘இஎன் 166 சான்று பெற்ற கண்ணாடி’ என்று விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் இருந்தது. இஎன் 166 என்பது கண் பாதுகாப்புக்கான ஐரோப்பியத் தர அளவுகோல்.

வாங்கும்போதே ஒரு மணி அடித்தது, நான்தான் காதில் வாங்கவில்லை. கருப்பு நிறம் உண்டா என்று மச்சினன் கேட்டதற்கு, “10 பவுண்டு கூடுதல், 18 வயது ஆகிவிட்டது என்று டிக் போட்டால் போதும்” என்று பதில் வந்தது. அசல் துப்பாக்கி போலவே தெரிவதை இங்கே அப்படி விற்க முடியாது. 2006-ஆம் ஆண்டின் வன்முறைக் குற்றக் குறைப்புச் சட்டப்படி அது குற்றம். ஏர்சாஃப்ட் ஆட்டக்காரர்களுக்கு விலக்கு உண்டு. அதற்காகத்தான் ஒழுங்கான கடைக்காரர்கள் யூகாரா எண், அதாவது ஏர்சாஃப்ட் கடைக்காரர்கள் சங்கத்தின் ஆட்டக்காரர் பதிவு எண், கேட்கிறார்கள். குறைந்தது 56 நாள் கால அளவில் பரவலாக மூன்று ஆட்டமாவது ஆடினால்தான் அந்த எண் கிடைக்கும். எண் இல்லாதவர்களுக்கு நீலம், ஆரஞ்சு மாதிரி பளிச்சென்ற நிறம்தான். எண்ணே கேட்காமல் கருப்பைத் தருகிறேன் என்பவன் மற்ற விஷயத்தில் மட்டும் நேர்மையாக இருப்பானா? அன்றைக்கு இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவில்லை. நல்லவேளை, நீலத்தையே வாங்கினோம்.

‘இரண்டு நாளில் டெலிவரி’ என்றது பன்னிரண்டு நாள் கழித்து வந்தது. அது போகட்டும்.

ஞாயிறு காலை களத்துக்குப் போனோம். அங்கே முதல் வேலை குரோனோ, அதாவது வேகம் பார்க்கும் கருவி. 0.20 கிராம் குண்டு போட்டுச் சுட்டார்கள். 231 காட்டியது. மறுபடி சுட்டார்கள், 226. “380 என்று போட்டிருந்ததே” என்றேன். மார்ஷல் சிரித்துவிட்டுப் பெட்டியைத் திருப்பிக் காட்டினார். 380-க்குக் கீழே எறும்பு சைஸில் ‘0.12 கிராம்’ என்று இருந்தது. எடை குறைந்த குண்டு வேகமாகப் போகத்தானே செய்யும்? அதே சக்தியில் 0.20 கிராம் குண்டு சுமார் 294 அடிதான் போகும். எங்கள் துப்பாக்கி அதையும் தொடவில்லை. எனவே எந்த விளம்பரத்திலும் வேகத்தை மட்டும் பார்க்காதீர்கள். எந்த எடைக் குண்டு என்று கேளுங்கள், இல்லையென்றால் ஜூல் கணக்கை, அதாவது குண்டின் சக்தி எவ்வளவு என்று, கேளுங்கள்.

வேகம் குறைந்தால் ஆட்டம்தான் கெடும். அடுத்து அவர் கண்ணாடியைக் கையில் எடுத்தார்.

லென்ஸை வெளிச்சத்தில் பிடித்து ஓரமெல்லாம் தடவிப் பார்த்தார். ஃபிரேமின் காதுப் பக்கம் பார்த்தார். ‘சிஇ’ என்று, ஐரோப்பிய விதிகளுக்கு உட்பட்டது எனச் சொல்லும் ஒரு ஸ்டிக்கர், நகத்தால் சுரண்டியதும் உரிந்து வந்தது. வேறு எதுவும் இல்லை. உண்மையான இஎன் 166 கண்ணாடி என்றால் லென்ஸிலும் ஃபிரேமிலும் குறியீடு பொறித்திருக்கும். அதில் தேட வேண்டியது ஓர் எழுத்து. ‘எஃப்’ (F) என்றால் 6 மி.மீ. எஃகு உருண்டை விநாடிக்கு 45 மீட்டர் வேகத்தில் மோதினால் தாங்கும், ‘பி’ (B) என்றால் 120 மீட்டர், ‘ஏ’ (A) என்றால் 190. எஃப் சோதனையின் சக்தி 0.87 ஜூல்தான் வரும். அந்தக் களத்திலோ 0.20 கிராம் குண்டுக்கு 350 அடி வரை அனுமதி, அதாவது 1.14 ஜூல். அதனால் எஃப் போட்ட கண்ணாடியையே அங்கே ஏற்பதில்லை, பி-யாவது வேண்டும். எங்களுடையதில் எஃப் கூட இல்லை.

“இதைப் போட்டுக்கொண்டு உள்ளே விட மாட்டேன்” என்றவர், நாங்கள் முழிப்பதைப் பார்த்து, சுட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார். சரி என்றோம். குரோனோ பக்கத்தில் ஒரு கம்பத்தில் மாட்டி, ஐந்து மீட்டர் தள்ளி நின்று தன்னுடைய துப்பாக்கியால் சுட்டார். முதல் குண்டில் லென்ஸின் நடுவே நட்சத்திரம் மாதிரி விரிசல். இரண்டாவதில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு சில்லு பின்பக்கம் தெறித்து விழுந்தது. பின்பக்கம் என்றால் கண் இருக்கும் பக்கம். மச்சினன் அதைக் குனிந்து எடுத்துப் பார்த்தான். அவன் அவ்வளவு நேரம் வாயைத் திறக்காமல் இருந்து நான் பார்த்ததில்லை.

முழு முகத்தையும் மூடும் மாஸ்க்கை அங்கேயே வாடகைக்கு எடுத்தோம். லென்ஸுக்குப் பதில் கம்பி வலை உள்ள கண்ணாடி போட்டால் ஆவி படியாது என்று கூட வந்த பையன் சொன்னான். வாஸ்தவம்தான். ஆனால் மட்டமான குண்டு கம்பியில் பட்டு உடைந்தால் துகள் உள்ளே வரும். கிட்டோடு வந்த குண்டுகளில் பாதிக்கு மேல் நடுவில் தையல் மாதிரி கோடு ஓடியது; அந்தத் தரத்துக்கு வலையை நம்ப எனக்கு மனம் வரவில்லை. ஆவி தொந்தரவு என்றால் இரட்டை லென்ஸ் இருப்பதை வாங்குங்கள், ஆட்டத்தின் நடுவே மட்டும் கழற்றித் துடைக்காதீர்கள்.

துப்பாக்கி மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு செத்தது. மோட்டார் மட்டும் ‘ஙொய்ய்’ என்று சுற்றியது, குண்டு வரவில்லை. வீட்டில் பிரித்தால் பிஸ்டனின் பிளாஸ்டிக் பற்கள் தேங்காய்த் துருவல் மாதிரி கொட்டின. சார்ஜர் இன்னொரு கூத்து. பேட்டரி நிறைந்த பிறகும் தானாக நிற்காது. கை வைக்க முடியாத சூட்டில் நான்தான் பிடுங்கினேன். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கியிருந்தால் என்ன ஆகியிருக்குமோ!

பணத்தைத் திருப்பிக் கேட்டதும் முதலில் “பெட்டியைப் பிரித்துவிட்டீர்கள்” என்றார்கள். அப்புறம் 20 பவுண்டு தருகிறோம், சமாதானமாகப் போகலாம் என்றார்கள். கடைசியில் உங்கள் செலவில் வெளிநாட்டு முகவரிக்கு அனுப்புங்கள் என்றார்கள். இதற்கெல்லாம் அசையாதீர்கள். சொன்னபடி இல்லாத பொருளை 30 நாளுக்குள் நிராகரித்து முழுப் பணமும் கேட்க 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டத்தில் இடம் இருக்கிறது. நான் கிரெடிட் கார்டில் கட்டியிருந்தேன். பொருளின் விலை 100 பவுண்டுக்கு மேல் இருந்தால், 1974-ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டம் 75-ஆம் பிரிவின்படி வங்கியையே கேட்கலாம். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், குரோனோவில் 231 தெரியும் படம், உடைந்த லென்ஸ், உரிந்த ஸ்டிக்கர், எல்லாவற்றையும் வங்கிக்கு அனுப்பினேன். வாங்கிய அன்றே விளம்பரத்தைப் படமெடுத்து வைத்திருந்தது கைகொடுத்தது. புகார் போன மறுநாள் அந்தப் பக்கத்தைக் காணோம்.

இப்போது அதே கிட் வேறு பெயரில் 109 பவுண்டுக்கு வந்திருக்கிறது. அதே நீலம், அதே படம், அதே ‘இஎன் 166’. இன்னொரு கணக்கிலிருந்து, லென்ஸின் ஓரத்தில் உள்ள குறியீட்டைக் கிட்டத்தில் படமெடுத்து அனுப்பச் சொல்லிக் கேட்டேன். மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது. பெட்டியைப் படமெடுத்து அனுப்பியிருந்தார்கள்.