கேத்தி ஊசியும் மடியில் ஒரு தடிப் புத்தகமும்

கைப்பின்னல் ஊசிக்கெல்லாம் ஒரு மதிப்புரையா என்று கேட்பவர்கள், புத்தகம் படித்துக்கொண்டே பின்னிப் பார்த்திராதவர்களாகத்தான் இருக்க வேண்டும். கண் புத்தகத்தில் இருக்கும் நேரத்தில் கைக்கு ஊசியை விட்டால் வேறு துணை கிடையாது. ஊசியின் முனை எங்கே இருக்கிறது, அடுத்த கண்ணி, அதாவது நூல் வளையம், எங்கே காத்திருக்கிறது என்பதை விரல் தானாக உணர்ந்தால்தான் கதை நகரும். இல்லாவிட்டால் நான்கு வரிக்கு ஒருமுறை தலையைக் குனிந்து, படித்த இடத்தையும் பின்னிய இடத்தையும் ஒருசேரத் தொலைக்க வேண்டியதுதான். அந்த ஒரே அளவுகோலைக் கொண்டுதான், நான்கு மாதங்களாக என் கையில் இருக்கும் போனி அலுமினிய ஊசிகளைப் பற்றி இங்கே எழுதுகிறேன்.

குன்னூரில் பள்ளியில் படித்த காலத்தில் கன்னியாஸ்திரீகளிடம் பின்னல் கற்றுக்கொண்ட எனக்கு இந்த ஊசி புதிதன்று. குன்னூருக்கும் உதகைக்கும் இடையில் மலை ரயில் நிற்கும் கேத்தியில்தான் இதைத் தயாரிக்கும் நீடில் இண்டஸ்ட்ரீஸ் தொழிற்சாலை இருக்கிறது. 1949-இல், இங்கிலாந்தின் ஸ்டட்லி ஊரைச் சேர்ந்த ஊசி நிறுவனம் ஒன்றின் துணை நிறுவனமாகத் தொடங்கப்பட்டது. சிம்லாவில் சட்டம் படிக்கும் என் தம்பி மகள் விடுமுறைக்கு வந்திருந்தபோது ஊசியின் உறையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அத்தை, இந்தப் பேர் எங்க கம்பெனிச் சட்டப் பாடத்துல வருது" என்றாள். பங்குகளை ஒதுக்கியதில் எழுந்த தகராறு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1981-இல் வந்த தீர்ப்பு இன்றும் சட்ட மாணவர்களைப் படுத்துகிறதாம். நான் அரைப் பாவாடை வயதிலிருந்து பிடித்துவரும் ஊசிக்கு இப்படியொரு வழக்குப் பின்னணி உண்டென்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

இம்முறை நான் ஊசி வாங்கியதே அவளுக்காகத்தான். ஆங்கிலத்தில் வந்த மந்திரப் பள்ளி நாவல் வரிசை ஒன்றை அவள் பன்னிரண்டு வயதிலிருந்து வருடம் தவறாமல் திரும்பத் திரும்பப் படித்து வருகிறாள். அந்தக் கதையில் வரும் விடுதியின் நிறங்களான அரக்குச் சிவப்பும் பொன்மஞ்சளும் பட்டை பட்டையாக வரும் கழுத்துத் துணி ஒன்று வேண்டும் என்று கேட்டாள். கோயம்புத்தூரில் இருந்துகொண்டு இப்படிக் கேட்டிருந்தால் சிரித்திருப்பேன். சிம்லாவின் டிசம்பர் மாதத்திற்கு என்றதால் மறுக்க முடியவில்லை.

ஒரு ஜோடி நூற்றுச் சொச்சம் ரூபாய்தான். 35 சென்டிமீட்டர் நீளம், சாம்பல் நிறப் பூச்சு, ஒரு முனையில் கண்ணி நழுவாமல் தடுக்கும் குமிழ், அதில் ஊசியின் எண். முனை குத்துகிற அளவுக்குக் கூர்மையாகவும் இல்லை, நூலுக்குள் புக மறுக்கிற அளவுக்கு மழுங்கியும் இல்லை. அக்ரிலிக் என்னும் செயற்கை நூலில் கூரான முனை பட்டால் இழை பிரிந்து பாதி நூல் மட்டும் மேலே வந்துவிடும். புத்தகத்தில் கண் இருப்பவருக்கு இது பத்து வரிசை தாண்டிய பிறகே தெரியவரும். முழுக் கழுத்துத் துணியிலும் அப்படி இழை பிரிந்த இடங்கள் மூன்றுதான் என்பதையே இந்த ஊசிக்கான நற்சான்றாக நான் கருதுகிறேன்.

எண் விஷயத்தில் மட்டும் நன்றாக அடிபட்டேன், அதற்கு முழுப் பொறுப்பும் என்னுடையதே. நான் பின்பற்றிய அமெரிக்க மாதிரிக் குறிப்பில் எட்டாம் எண் ஊசி என்று இருந்ததால், எட்டாம் எண்ணை வாங்கி 36 கண்ணிகளை ஏற்றிவிட்டேன். அமெரிக்கக் கணக்கில் எட்டு என்பது 5 மில்லிமீட்டர். நம் ஊரில் இன்னும் புழங்கும் பழைய பிரிட்டிஷ் கணக்கில் எட்டு என்பது 4 மில்லிமீட்டர். அமெரிக்க எண் ஏற ஏற ஊசி தடிக்கும், பிரிட்டிஷ் எண் ஏற ஏற ஊசி மெலியும். 20 சென்டிமீட்டர் அகலம் வர வேண்டிய துணி 16 சென்டிமீட்டரில், நாய்க்குப் போடும் பட்டையைப் போல விறைப்பாக வந்து நின்றது. உறையிலேயே மில்லிமீட்டர் அளவும் அச்சிட்டிருந்தார்கள், பார்க்காதது நான்.

மோட்டார் வைண்டிங் பட்டறை வைத்திருக்கும் என் தம்பியிடம் இதைச் சொல்லிப் புலம்பியபோது அவன் வியப்படையவே இல்லை. "அக்கா, இது எங்க கேஜ் கணக்கேதான். நம்பர் ஏற ஏறக் கம்பி சன்னமாகும்" என்றான். தாமிரக் கம்பியைத் துளைத் தட்டின் வழியே இழுத்து இழுத்துத்தான் மெல்லியதாக்குகிறார்கள் என்றும், எத்தனை முறை இழுத்தார்கள் என்பதிலிருந்து வந்ததே அந்த எண் என்றும் விளக்கினான். பட்டறையில் இருந்த, கம்பியின் தடிமனை அளக்கும் கேஜ் தட்டில் என் பத்தாம் எண் ஊசியைச் செருகிப் பார்த்தோம். பத்தாம் எண் பள்ளத்தில் அச்சாகப் பொருந்தியது. இரண்டுக்கும் 3.25 மில்லிமீட்டர். குமிழில் பொறித்திருப்பது ஊசிக்காரர்கள் இஷ்டத்துக்கு வைத்த எண் அன்று என்று தெரிந்தபோது, இரண்டு வார வேலையைப் பிரித்த வருத்தம் பாதியாகக் குறைந்தது. ஆறாம் எண் ஜோடியை வாங்கி மீண்டும் தொடங்கினேன்.

நூல் கதை வேறு. திருப்பூர் பக்கத்திலேயே இருக்கிறது, நூலுக்கென்ன பஞ்சம் என்று உறவினர்கள் சொல்வார்கள். அங்கே கூம்புகளில் வருவது இயந்திரத்துக்கான மெல்லிய பருத்தி நூல், கைப்பின்னலுக்கு நான்கைந்து இழைகளைச் சேர்த்துப் பிடித்தாலும் பத்தாது. ஆகவே இணையக் கடை ஒன்றில், கடையின் பெயர் இங்கே தேவையில்லை, அக்ரிலிக் நூல்கண்டுகள் வாங்கினேன். அரக்குச் சிவப்பில் கேட்ட நான்கு கண்டுகளில் ஒன்று வேறு சாய லாட்டைச் சேர்ந்தது, அதாவது வேறொரு தடவை சாயம் போட்டது. இரவு விளக்கில் வித்தியாசமே தெரியவில்லை. காலையில் திண்ணையில் விரித்துப் பார்த்தபோதுதான், ஐந்தாவது பட்டை பீட்ரூட் சாற்றில் தோய்த்தது போலத் தனித்து நின்றது. மாற்றித் தர முடியாது, கண்டைப் பிரித்துவிட்டீர்கள் என்று பதில் வந்தது. கண்டைப் பிரிக்காமல் எப்படிப் பின்னுவது என்று கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை.

கழுத்துத் துணிக்கு எவ்வளவு நூல் வேண்டும் என்பதில் பெரியவர்களே தடுமாறியிருக்கிறார்கள் என்பது ஓர் ஆறுதல். 1974-இல் டாக்டர் ஹூ என்ற பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடரில் நாயகனாக நடித்த டாம் பேக்கருக்கான உடையை வடிவமைத்த ஜேம்ஸ் ஏச்சசன், பல நிறங்களில் ஏராளமான கம்பளி நூலைக் கொடுத்தனுப்ப, பின்னுபவரான பெகோனியா போப் கொடுத்தது அத்தனையையும் பின்னி முடித்துவிட்டார். தரையில் புரளும் அந்தக் கழுத்துத் துணியின் நீளமே பிறகு அந்தப் பாத்திரத்தின் அடையாளமாகிவிட்டது. ரசிகர்கள் இன்றும் அதைப் பட்டை பட்டையாக எண்ணிப் பின்னுகிறார்கள்.

இனி படிப்புக்கு வருகிறேன், ஏனென்றால் ஊசியின் உண்மையான சோதனை அங்கேதான். இப்போது வரும் தடி நாவல்கள் பசையில் ஒட்டப்பட்டவை. கையை எடுத்தவுடன் மூடிக்கொள்ளும். துணிக்கிளிப், மிக்ஸி ஜாரின் மூடி, தம்பியின் பட்டறை காந்தம் என எல்லாவற்றையும் வைத்துப் பார்த்துவிட்டேன். கடைசியில் கைகொடுத்தது என் அம்மா வார இதழ்களிலிருந்து தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, பைண்டரிடம் தைத்து வாங்கிய பழைய வால்யூம்கள்தான். நூலால் தைத்த கட்டு என்பதால் எந்தப் பக்கத்தில் விரித்தாலும் தலையணை மேல் அப்படியே படுத்திருக்கும். கதைக்கு நடுவே பாதி அறுந்த சமையல் குறிப்பும் பல்பொடி விளம்பரமும் வரும். அந்த இடைவெளியில் வரிசையைத் திருப்பிக்கொள்ளலாம்.

நேர்ப்பின்னல் மட்டும் வரும் துணியானால் ஊசியைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. இடது ஆள்காட்டி விரலால் கண்ணியை முனைக்குத் தள்ளினால் அது அளவாக வழுக்கிக்கொண்டு வருகிறது. மூங்கில் ஊசியிடம் இந்த வேகம் இல்லை. ஆனால் மூங்கில் நூலைப் பிடித்துவைக்கும், அலுமினியம் விட்டுவிடும். சோபாவில் வைத்துவிட்டு எழுந்து போனால் நான்கு கண்ணிகள் நழுவிக் கிடக்கும். எந்த நிறுவனத்தின் அலுமினிய ஊசியாக இருந்தாலும் ஒன்றோடொன்று உரசும் ஓசையும் உண்டு, பக்கத்தில் தூங்குபவர் இருந்தால் அவரையும் கலந்துகொண்டு வாங்குவது நல்லது. பேருந்தில் இந்த நீளம் ஆகாது; அடுத்த இருக்கைக்காரரின் விலாவில் குமிழ் இடிக்கும். பயணத்துக்கு, இரண்டு குட்டை ஊசிகளை வளையும் பிளாஸ்டிக் இழையால் இணைத்த வட்ட ஊசியே சரி. அந்த இழை சுருண்டிருந்தால் சிறிது நேரம் வெந்நீரில் போட்டு எடுத்தால் நேராகிவிடும்.

கழுத்துத் துணி அக்டோபரில் சிம்லா போய்ச் சேர்ந்தது. பீட்ரூட் பட்டையை யாரும் கவனிக்கவில்லையாம். அக்ரிலிக் என்பதால் இஸ்திரிப் பெட்டியை அதன் பக்கமே கொண்டுபோகாதே என்று மட்டும் எழுதி அனுப்பினேன். இப்போது அவளுடைய அறைத்தோழிக்கும் ஒன்று வேண்டுமாம்; அந்தப் பெண் எதிர் விடுதியின் ரசிகையாம், பச்சையும் வெள்ளி நிறமும். இம்முறை லாட் எண்ணை நேரில் சரிபார்த்து, எல்லாக் கண்டுகளையும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கினேன். எல்லாம் சரியாகச் செய்துவிட்டதாக நினைத்து, சாம்பல் நிற ஊசியில் வெள்ளி நிற நூலை ஏற்றிவிட்டேன். மாலை வெளிச்சத்தில் எது ஊசி, எது கண்ணி என்றே தெரியவில்லை. பச்சைப் பட்டை வரும்வரை புத்தகத்தை மூடி வைத்திருக்கிறேன்.