ஆரல்வாய்மொழிக் காற்றும் எங்கள் வீட்டுத் திருநீற்றுப்பச்சிலையும்

“மைனி, உங்க விளையில திருநீற்றுப்பச்சிலை செழிப்பா நிக்குல்லா, ரெண்டு நாத்து தருவியளா? சப்ஜா விதை கடையில வாங்க வேண்டாம்லா!” குழித்துறையில் இருக்கும் என் தம்பி மனைவி இப்படிக் கேட்டாள். நாற்று கட்டாயம் கொடுப்பேன். சர்பத்தில் போடுகிற சப்ஜா இந்தச் செடியின் விதைதான், அந்த விதைக் கணக்கில்தான் எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது. இதை வைக்கலாமா என்று வேறு பலரும் கேட்டுக்கொண்டே இருப்பதால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

எங்கள் வீடு ஆரல்வாய்மொழியில். குமரி மாவட்டம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு ரப்பரும் வாழையும் திற்பரப்பு அருவியும்தான் நினைவுக்கு வரும். மாவட்டத்தின் கிழக்கு ஓரம் அப்படி இல்லை. தென்மேற்குப் பருவமழை பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகள் பக்கம் கொட்டித் தீர்க்கும்போது எங்களுக்கு வந்து சேர்வது சாரலும் காற்றும்தான். மலைக்கு நடுவே இருக்கிற கணவாய்க்குள் நெருக்கிக்கொண்டு வருகிற அந்தக் காற்றை நம்பித்தான் முப்பந்தலில் அவ்வளவு காற்றாலைகளும் நிற்கின்றன. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது எங்கள் ஊரில் வெறும் பழமொழி இல்லை. செம்மண், போர் தண்ணீர், இந்தக் காற்று மூன்றையும் தாங்குகிற செடி எதுவோ அதற்குத்தான் எங்கள் விளையில், அதாவது வீட்டுத் தோட்டத்தில், இடம்.

திருநீற்றுப்பச்சிலை தாங்கியது. நாற்றாக இருக்கும்போது மட்டும் தினமும் தண்ணீர் வேண்டும். வேர் பிடித்துவிட்டால் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை தூரில் நிறைய ஊற்றினால் போதும். உச்சி வெயிலில் இலையெல்லாம் துவண்டு, செடி செத்தே போய்விட்டது போலத் தெரியும். பதறி அப்போது தண்ணீர் ஊற்ற வேண்டாம். வெயில் தாழ்ந்ததும் தானாக நிமிர்ந்துவிடும். விடியற்காலையிலும் துவண்டு நின்றால்தான் உண்மையான தாகம். தூரைச் சுற்றிக் கதம்பையை, அதாவது தேங்காய் மட்டையை, கவிழ்த்துப் போட்டிருக்கிறேன். அதைத் தூக்கிப் பார்த்தால் அடியில் மண் ஈரமாகவே இருக்கும், வெளியே கால் சுடுகிற நாளிலும். இந்தச் செடிக்கு ஆகாதது தேங்கி நிற்கிற தண்ணீர். அதனால் மேற்கே மழை அதிகம் பெய்கிற குழித்துறைக்காரிக்கு நான் சொன்னது வேறு: மேட்டுப் பாங்கான இடம் பார், கூரைத் தண்ணீர் விழாத இடமாக இருக்கட்டும், இல்லையென்றால் தொட்டியில் வை. இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை விடாமல் பெய்தால் அங்கே தூர் அழுகிவிடும்.

இலையைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தோவாளைச் சந்தை பக்கத்தில் இருப்பதால் துளசி, மரிக்கொழுந்து என்று வாசனைத் தழைக்கு எங்களுக்குப் பஞ்சமே கிடையாது. ஆனாலும் சாரல் விழுந்த சாயங்காலம் இந்தச் செடியை உரசிக்கொண்டு நடந்தால் வருகிற மணம் தனி. கசக்கி முகர்ந்தால் கிராம்பு வாடை லேசாக அடிக்கும். கிராம்புக்கு மணம் தருகிற யூஜெனால் என்ற எண்ணெய்ப்பொருள் இதிலும் உண்டு. பால் விடாத கட்டஞ்சாயாவில் இரண்டு இலையும் நாலு சொட்டு எலுமிச்சையும் விட்டுக் குடித்துப் பாருங்கள். என் மகள் முகப்பருவுக்கு இலைச்சாறு தடவுகிறாள், அவளுக்குக் குணம் தெரிகிறது. எல்லோருக்கும் குணமாகும் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் இலைக்காக வளர்த்தால் பூவோடு மல்லுக்கட்ட வேண்டும். இந்தச் செடிக்குப் பூக்க வேண்டும், அது ஒன்றுதான் நினைப்பு. பூக்கதிர் வந்துவிட்டால் இலை சிறுக்கும், கசப்பு ஏறும். நுனியைக் கிள்ளினால் கீழே இரண்டு கிளை வரும், ஒரு வாரம் அசந்தால் அந்த இரண்டிலும் கதிர் தலைகாட்டும். ஒருவழியாக நான் விளையை இரண்டாகப் பிரித்துவிட்டேன். அடுக்களை வாசலில் நிற்பவை இலைக்கு, அவற்றைத் தினமும் கிள்ளுவேன். பழைய மண்மதில் ஓரம் நிற்பவை பூவுக்கு, அவற்றைத் தொடவே மாட்டேன்.

அந்த மதில் ஓரம்தான் நான் எதிர்பாராத சந்தோஷம். கதிரில் அடுக்கடுக்காக வெள்ளைப் பூ, ஒவ்வோர் அடுக்கிலும் ஆறு. காலை ஏழு மணிக்கெல்லாம் மதில் பொந்தில் இருக்கும் கொசுத்தேனீக்கள் வந்துவிடும். கொஞ்சம் வெயில் ஏறியதும் நீலவரித் தேனீ வரும். வயிற்றில் நீலப்பட்டை பளிச்சென்று தெரியும். ஒரு பூவின் முன்னால் அந்தரத்தில் நிற்கும், சட்டென்று அடுத்ததற்குத் தாவும், போனில் படம் எடுக்க விடவே விடாது. இதன் ஆண் தேனீக்கள் கூட்டுக்குப் போவதில்லை. பொழுது சாயும்போது காய்ந்த கதிர்த் தண்டைத் தாடையால் கவ்விக்கொண்டு, உடம்பை அந்தரத்தில் விட்டபடி அப்படியே தூங்கிவிடும். ஒரே தண்டில் வரிசையாக நாலைந்து. ஆனி மாதக் காற்றில் தண்டு முன்னும் பின்னும் ஆட, தேனீயும் சேர்ந்து ஆடும். ஒன்றுகூட பிடியை விட்டு நான் பார்த்ததில்லை. டார்ச் அடித்துக் காட்டினால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மூச்சுவிடாமல் நின்று பார்க்கும். இதற்காக மட்டுமே இந்தச் செடியை வைக்கலாம்.

சரி, விதைக்கு வருகிறேன்.

ஒவ்வொரு பூவும் உதிர்ந்த பிறகு அதன் அடியில் இருக்கும் புல்லிக் கிண்ணத்துக்குள் அதிகபட்சம் நாலு விதை இருக்கும், கறுப்பாக, எள்ளைவிடச் சிறிதாக. முதல் தொல்லை, கதிர் முழுவதும் ஒரே நேரத்தில் முற்றாது. அடியில் காய்ந்து விதை உதிர்கிற நேரத்தில் நுனியில் பூ இருக்கும். காற்று குறைந்த ஊர்களில் ஒரு நாள் பொறுத்து வெட்டலாம். எங்கள் ஊரில் பொறுத்தால் காற்று உதறி எடுத்துக்கொண்டு போய்விடும். அதனால் பாதி காய்ந்ததும் வெட்டி, துணிப்பைக்குள் தலைகீழாகப் போட்டு உள்ளறையில் கட்டித் தொங்கவிட வேண்டும். அப்புறம் உள்ளங்கையில் தேய்த்து, சுளகில் புடைத்து, சல்லடையில் சலிக்க வேண்டும். இதெல்லாம் வேலைதான், ஆனால் செய்யக்கூடிய வேலை. இதற்கு நான் அலுத்துக்கொள்ள மாட்டேன்.

என்னைப் பொறுமை இழக்க வைப்பது மண். புல்லிக் கிண்ணத்தில் சின்னச் சின்ன ரோமம் உண்டு. காற்றில் பறக்கிற செம்மண் பொடியும் நுண்மணலும் அதில் நன்றாக ஒட்டிக்கொள்ளும். பொடியைச் சலித்து எடுக்கலாம். விதை அளவிலேயே இருக்கும் மணலை எந்தச் சல்லடையும் பிரிக்காது. அரிசி, பருப்பு என்றால் களைந்து எடுப்போம். இந்த விதையில் தண்ணீர் பட்ட உடனே அதைச் சுற்றி வழவழப்பாக ஒரு பசை கட்ட ஆரம்பித்துவிடும். அந்தப் பசைக்காகத்தான் இதைக் குடிக்கிறோம், அதனாலேயே இதைக் கழுவிக் காயவைக்க முடியாது. கால் மணி நேரம் ஊறவைத்து, போஞ்சி என்கிற எலுமிச்சைச் சாற்றிலோ நன்னாரி சர்பத்திலோ கலந்து, வெயிலில் வந்த விருந்தாளி கையில் ஆசையாகக் கொடுக்கிறோம். இரண்டாவது வாயில் ‘நறுக்’கென்று ஒரு சத்தம். அவர் பாவம், ஒன்றும் சொல்லாமல் குடித்து முடிப்பார். எனக்குத்தான் உடம்பெல்லாம் எரியும்.

வழி இல்லாமல் இல்லை. அகலமான பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் விட்டு, விதையைத் தூவி, நன்றாக ஊறியதும் ஒரு கலக்கு கலக்கி விடுங்கள். மணல் அடியில் படியும், ஊறிய விதை அதற்கு மேலே நிற்கும், கரண்டியால் மேலாகக் கோரி எடுத்துக்கொள்ளலாம். முக்கால்வாசி மணல் போய்விடும். பசைக்குள் சிக்கிய மணல் போகாது. காற்று குறைந்த மாசி, பங்குனியில் அறுக்கலாம் என்றால், மண் பொடியாகக் காய்ந்து கிடப்பது அப்போதுதான். ரோட்டில் ஒரு லாரி போனால் போதும். கதிருக்கு மெல்லிய துணி கட்டிப் பார்த்தேன். மணல் குறைந்தது, கூடவே தேனீயும் வரவில்லை. தேனீ வராவிட்டால் மதில் ஓரம் பார்க்க என்ன இருக்கிறது?

இன்னொரு விஷயம், இது மணலைவிட முக்கியம். சின்னப் பிள்ளைகளுக்கு இந்த விதையைச் சரியாக ஊறாமல் கொடுக்காதீர்கள். தொண்டையில் போய் உப்பினால் ஆபத்து.

நியாயமாகப் பார்த்தால் செடி மேல் ஒரு குற்றமும் இல்லை. குறைந்த தண்ணீரில் நிற்கிறது, உதிர்ந்த விதையிலிருந்து தானே முளைத்துத் துலாம் மழைக்கு, அதாவது ஐப்பசி மழைக்கு, அடுத்த தலைமுறையைத் தருகிறது, மணக்கிறது, தேனீக்கு இரை போடுகிறது. மேற்கே மார்த்தாண்டம் பக்கம் தேனீப்பெட்டி வைத்திருப்பவர்கள் மழைக்காலத்தில் பூ இல்லாமல் சர்க்கரைப்பாகு ஊற்றுவதைப் பார்த்தவள் நான். அந்த மாதங்களிலும் பூக்கிற செடியின் அருமை எனக்குத் தெரியும். இவ்வளவும் தெரிந்திருந்தும், இன்றைக்கு என்னிடம் வைக்கலாமா என்று கேட்டால், விதைக்காக என்றால் வைக்காதீர்கள் என்றுதான் சொல்வேன், அதுவும் கொஞ்சம் சத்தமாகவே. ஒரு கைப்பிடி விதைக்குக் கண் வலிக்க வேலை செய்து, கடைசியில் விருந்தாளி பல்லில் மணல் கடிபடுகிறது. அது எனக்குத் தாங்கவில்லை.

மதில் ஓரத்துக் கதிர்களை இந்த வருஷம் வெட்டப் போவதில்லை. தண்டு காயட்டும், தேனீக்கள் கவ்விக்கொள்ளட்டும், விதையைக் காற்று எங்கே வேண்டுமானாலும் கொண்டு போகட்டும். சர்பத்துக்கு நாகர்கோவில் வடசேரியில் நூறு கிராம் சப்ஜா வாங்கி டப்பாவில் போட்டாயிற்று. சுத்தமாக இருக்கிறது, ஒரு மணல்கூட இல்லை.