கோணலாகச் சாத்தும் பழைய இரும்பு ஜன்னல்: சரிசெய்வதா, யூபிவிசி மாற்றுவதா?

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கத்துப் பழைய வீடுகளில் கனத்த இசட் பட்டியில் (Z வடிவ இரும்புப் பட்டை) செய்த இரும்பு ஜன்னல்கள் இன்னும் நிறைய இருக்கின்றன. மேலே ஒட்டும், கீழே விரல் நுழையும். கொண்டியை இழுத்துப் போட்டால்தான் சேரும். இதற்கு மூன்று வழி: சரிசெய்வது, அலுமினியம் ஸ்லைடிங் (பக்கவாட்டில் நகர்த்தித் திறப்பது), யூபிவிசி என்ற கெட்டி பிளாஸ்டிக். சட்டத்தின் அடியைத் துரு தின்றுவிடாதவரை சரிசெய்வதே மேல் என்பது என் கட்சி.

யூபிவிசி துருப்பிடிக்காது, பெயிண்ட் கேட்காது, எல்லோருக்கும் தெரிந்ததே. ஸ்லைடிங் என்றால் பாதி ஜன்னல்தான் திறக்கும், புழுக்க நாளில் அது உறைக்கும். என்னைப் பொறுத்தவரை தீர்மானிக்கிற கேள்வி வேறு: பத்து வருஷம் கழித்துப் பழுது வந்தால் யார் பார்ப்பார், சாமான் கிடைக்குமா?

யூபிவிசி, அலுமினிய ஜன்னலின் ரோலர், ரப்பர் பீடிங், பூட்டு எல்லாம் பெரும்பாலும் அந்தந்தக் கம்பெனி செக்‌ஷனுக்கென்று (சட்டப் பட்டியின் வடிவம்) வருபவை. அந்தச் செக்‌ஷன் நின்றுபோனால் ஒரு ரோலருக்காக ஊர் ஊராக அலைய வேண்டும். இரும்பு ஜன்னலில் கீல் தேய்ந்தால் தெருமுனை வெல்டிங் பட்டறையிலேயே புது அச்சு போட்டுத் தருவார்கள். அடிப்பட்டி போனால் காயலான் கடையில், இடித்த வீட்டு ஜன்னலிலிருந்து அதே கனத்தில் துண்டு கிடைக்கும். மாற்றுவதற்குப் பழைய சட்டத்தைப் பெயர்க்கவும் வேண்டும். அது ஹோல்டுஃபாஸ்ட்டோடு (சட்டத்தைச் சுவரில் பிடித்து நிறுத்தும் இரும்புக் கால்) சுவருக்குள் பதிந்திருக்கும். சுண்ணாம்புக் காரைச் சுவரில் உளி வைத்தால் ஓரச் செங்கல்லும் சேர்ந்து வரும். யூபிவிசி விலையோடு பூச்சு வேலை, கிரில், சுவர் பெயிண்ட் மூன்றையும் கூட்டியே ஒப்பிடுங்கள்.

சரிசெய்யும்போது பலரும் இடைவெளி தெரியும் பக்கத்தை இழுத்து வளைக்கிறார்கள். கோளாறு பெரும்பாலும் எதிர்ப்பக்கத்தில் இருக்கும். செய்தித்தாளை இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்து, கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே வைத்துச் சாத்தி, சாணுக்கு ஒரு இடமாகச் சுற்றிலும் இழுத்துப் பாருங்கள். தாள் சிக்கிக் கிழிகிற இடமே முட்டும் இடம். கீல் பக்கத்தில் பல அடுக்கு எனாமலும் அடியில் துருவுமாக 2 மி.மீ. தடித்தாலே போதும், கொண்டிப் பக்கம் அதைவிடப் பல மடங்கு விலகி நிற்கும். அந்த முகங்களை வெறும் இரும்பு தெரியும்வரை சுத்தம் செய்தாலே பாதி ஜன்னல்கள் சரியாகிவிடும். ஆனால் உலர்ந்தபடி தேய்க்காதீர்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்ற வரம்பு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. பழைய பூச்சில் ஈயம் இருக்கலாம். வாட்டர் பேப்பரை நனைத்துத் தேய்த்து, கசடைத் துணியில் வழித்தெடுங்கள். குழந்தைகளை அண்டவிட வேண்டாம்.

அதற்குப் பிறகும் மேல்மூலை ஒட்டி, கீழ்மூலை விலகினால் கதவு முறுக்கியிருக்கிறது. மேல்மூலையில் கட்டைத்துண்டு செருகி, கீழ்மூலையை மெல்ல அழுத்துங்கள். இரும்பு சற்றே திரும்பி வரும். ஆகவே 2, 3 மி.மீ. கூடுதலாகப் போக வேண்டும். அழுத்துவதற்கு முன் கண்ணாடியைப் பிடித்திருக்கும் காய்ந்த மக்கைச் (புட்டி) சுரண்டிக் கண்ணாடியைக் கழற்றிவிடுங்கள், இல்லையேல் விரிசல் விடும்.

சட்டத்தின் அடிப்பட்டி மேல்நோக்கி வளைந்திருந்தால் காரணம் சுவருக்குள் இருக்கிறது. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும்; பூச்சுக்கும் பட்டிக்கும் நடுவே சேர்ந்து பட்டியைத் தள்ளும். கதவை மட்டும் ராவிச் சேர்த்தால் அடுத்த மழைக்கு மறுபடி முட்டும். பூச்சை ஒரு அங்குலம் வெட்டி, துருவை எடுத்து, மரக்கட்டை வைத்துத் தட்டி இறக்கி, பிரைமர் அடித்து சீலன்ட் வையுங்கள். துண்டு ஒட்டுவதென்றால் வெல்டு சிறு புள்ளிகளாக மாறி மாறி விழ வேண்டும். ஒரே இழுப்பில் வைத்தால் சூட்டில் பட்டி முறுக்கிக்கொள்ளும்.

தேய்த்த அன்றே பிரைமர் அடித்துவிட வேண்டும். நம் ஈரக்காற்றில் ஒரு இரவு விட்டாலே பழுப்பு படியும். பங்குனி, சித்திரைதான் இதற்குக் காலம். முட்டும் முகங்களில் எனாமல் ஒரே மெல்லிய கை போதும்; காயும்வரை சாத்தாதீர்கள்.

ஒரு சோதனை பாக்கி. சட்டத்தின் இரு மூலைவிட்டங்களையும் டேப்பால் அளந்து பாருங்கள். வித்தியாசம் 5 மி.மீ.க்கு மேல் போய், ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசலும் ஓடினால் சுவர் நகர்கிறது. கோடையில் வெடித்து ஐப்பசியில் ஊறி உப்பும் களிமண்ணில் இது சகஜம். அஸ்திவாரத்தைக் கவனிக்காமல் புது யூபிவிசி போட்டாலும் அதுவும் இறுகும்.

நாகப்பட்டினம், வேதாரண்யம் கடலோரத்தில் மட்டும் என் தீர்ப்பு தளர்கிறது. உப்புக்காற்றில் அடிப்பட்டியும் கீல் பக்கமும் சேர்ந்து அரித்திருந்தால் யூபிவிசியே நல்லது. அது நம் பகுதியில் பரவி அதிக வருஷம் ஆகவில்லை என்பதால் நீண்டகால உழைப்பைப் பற்றி அடித்துச் சொல்ல மாட்டேன். திருகுகள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும், உள்ளே வைக்கும் வலுவூட்டுப் பட்டி கால்வனைஸ் செய்ததா என்று கேட்டுப் பாருங்கள். ஸ்லைடிங் என்றால் கீழ்த் தண்டவாளத்தில் தண்ணீர் வெளியேறும் துளைகளை அறுவடைத் தூசி அடைத்துவிடும். ஐப்பசி மழைக்கு முன் குத்திவிடாவிட்டால் தண்ணீர் அறைக்குள்தான் வழியும்.