டியூபில் ஒட்ட இடமில்லை: வாடகை பைக்கில் கடலோரம் சுற்றப் போகிறவர்களுக்கு

பொங்கல் கழிந்த வாரம் நானும் மச்சானும் புதுச்சேரியில் ஒரு பைக்கை வாடகைக்கு எடுத்து ஆறு நாள் சுற்றிவிட்டு வந்தோம். கடலோரமாகவே தனுஷ்கோடி வரை இறங்கி, திரும்பும்போது காரைக்குடி, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று வயல்வெளிப் பக்கமாக ஏறி, மறுபடி புதுச்சேரி. ஊர்கள் எல்லாம் அருமை. வண்டி கொடுத்த ஆள்தான் எங்களை மொட்டையடித்துவிட்டார். கட்டிய முன்பணம் 10,000 ரூபாய். கைக்குத் திரும்பி வந்தது 2,760. அதைக்கூட விடுங்கள், ஆறு நாளும் இன்சூரன்ஸ் இல்லாத வண்டியில் இரண்டு பேர் போய் வந்திருக்கிறோம் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

கடையின் பெயரை எழுதவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது முடியட்டும். தவிர, பெயரைச் சொன்னால் அந்த ஒரு கடையை மட்டும் தவிர்த்துவிட்டுப் பக்கத்துக் கடையில் இதே மாதிரி மாட்டிக்கொள்வீர்கள்.

இந்தப் பயணத்துக்கு இரண்டு மாதம் திட்டம் போட்டேன். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபிறகு போகவேண்டும் என்பதால் ஜனவரி. ஒரு நாளைக்கு 180 கிலோமீட்டருக்கு மேல் கூடாது. முதல் நாள் சிதம்பரம், தரங்கம்பாடி, நாகப்பட்டினம். இரண்டாம் நாள் வேளாங்கண்ணி, வேதாரண்யம், கோடியக்கரை. மூன்றாம் நாள் முத்துப்பேட்டை, மனோரா, தொண்டி. எந்த ஊரில் பெட்ரோல், எங்கே மதியச் சாப்பாடு, தரங்கம்பாடியில் 1620-ல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டைக்கு எத்தனை மணிக்குப் போனால் வெயில் முகத்தில் அடிக்காது, எல்லாம் ஒரு நாற்பது பக்க நோட்டில் இருந்தது. மச்சான் அதைப் பார்த்துவிட்டு, “மாமா, கல்யாணத்துக்குக்கூட நீங்க இவ்வளவு பிளான் பண்ணலை” என்றான்.

அந்த நோட்டில் வண்டியைப் பற்றி இருந்தது ஒரே ஒரு வரி. ‘காலை 7 மணி, வண்டி எடுத்தல்.’ அவ்வளவுதான். ஏமாந்தது அந்த வரியில்தான்.

என்னிடம் இருப்பது ஒரு ஸ்கூட்டி. இரண்டு பேர், இரண்டு பை, ஆறு நாள் என்றால் அது தாங்காது. அதனால்தான் வாடகை. இணையத்தில் 2023 மாடல் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 என்று படம் போட்டிருந்தார்கள், நாளுக்கு 1,400 ரூபாய். சேலத்திலிருந்து இரவு பஸ் பிடித்து விடியற்காலையில் இறங்கி, கண்ணெரிச்சலோடு கடைக்குப் போனால், நின்றது வேறு வண்டி. “அந்த வண்டி சர்வீசுல இருக்கு சார். இது பழசுன்னாலும் பிக்கப் சும்மா பறக்கும்.” நம்பர் பலகை வெள்ளை. வாடகை வண்டிக்குக் கருப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்கவேண்டும் என்பது எனக்குத் தெரியும். கேட்டேன். “எல்லாம் ஒண்ணுதான் சார், இங்க யாரும் கேக்கமாட்டாங்க.” கேட்ட கேள்விக்கு இது பதிலே இல்லை என்று அப்போது உறைக்கவில்லை. சூரியன் ஏறிக்கொண்டிருந்தது, சிதம்பரத்தில் காலை டிபன் என்று நோட்டில் எழுதியிருந்தேனே.

அப்புறம் அசல் ஓட்டுநர் உரிமத்தை வாங்கி மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். வண்டி ஓட்டும்போது கேட்டால் உரிமத்தைக் காட்டவேண்டும் என்பது சட்டம். அதைத்தான் இவர் பூட்டிவைக்கிறார். “கிலோமீட்டர் கணக்கு உண்டா?” என்று கேட்டதற்கு, “அன்லிமிடெட் சார், ஜாலியா போயிட்டு வாங்க” என்றார். ரசீதைக் கொடுத்தார், மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். வண்டியைச் சுற்றிப் படம் எடுக்கவேண்டும் என்று நினைவு இருந்தது. முன்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று எடுப்பதற்குள் அவரே சாவியைப் போட்டு ஸ்டார்ட் செய்து, “சத்தத்தைக் கேளுங்க சார்” என்றார். வலப்பக்கம் எடுக்கவில்லை. சைலன்சர் இருப்பது வலப்பக்கம்.

முதல் நாள் தொந்தரவு இல்லை. இரண்டாம் நாள் வேதாரண்யம் தாண்டியதும் செயின் பேச ஆரம்பித்தது. அந்தச் சாலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இரண்டு பக்கமும் உப்பளம், வெள்ளை வெள்ளையாக உப்புக் குவியல், காற்றிலேயே உப்பு கரிக்கும். 1930-ல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்துவந்து உப்பு அள்ளிய ஊர். மச்சான் பின்னால் உட்கார்ந்து அந்த வரலாற்றைச் சொல்லிக்கொண்டு வந்தான், எனக்குக் காதில் விழுந்ததெல்லாம் ‘கடக், கடக்’ மட்டும். கோடியக்கரையில் நிறுத்திக் குனிந்து பார்த்தேன். செயின் தொட்டில் மாதிரித் தொங்குகிறது. பின் ஸ்பிராக்கெட்டின் (செயின் ஓடும் பல்சக்கரம்) பற்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து சுறாப் பல் போல ஆகியிருந்தன. அந்த நிலைக்கு வந்த பிறகு செயினை இழுத்துக் கட்டினாலும் நிற்காது, செட்டையே மாற்றவேண்டும். கடைக்குப் போன் செய்தேன். “ஆயில் மட்டும் விடுங்க சார், சரியாயிடும்.” வேதாரண்யத்தில் ஒரு மெக்கானிக்கிடம் இழுத்துக் கட்டி, எண்ணெய் விட்டுக் கிளம்பினோம்.

மூன்றாம் நாள் மனோராவைப் பார்த்துவிட்டு (நெப்போலியனை ஆங்கிலேயர்கள் வென்றதற்குத் தஞ்சாவூர் சரபோஜி கடற்கரையில் கட்டிய கோபுரம் அது, எங்கே வாட்டர்லூ எங்கே மல்லிப்பட்டினம்!) சேதுபாவாசத்திரம் தாண்டிக் கொஞ்ச தூரம். பின் சக்கரம் பாம்பு மாதிரி நெளிந்தது. பஞ்சர். கம்பி போட்ட சக்கரம், உள்ளே டியூப். டியூப்லெஸ் என்றால் வெளியிலிருந்தே அடைத்துவிடலாம், இதற்குச் சக்கரத்தையே கழற்றவேண்டும். ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு போனோம். சாலையோரம் ஒரு கீற்றுக் கொட்டகை, பாதி டயரை நட்டுவைத்த பஞ்சர் கடை. அறுபது வயதுப் பெரியவர்.

அவர் சக்கரத்தைக் கழற்றி, இரண்டு நெம்புகோலைப் போட்டு டயரை விரித்து, டியூபை உருவி வெளியே எடுத்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. டியூபைத் தண்ணீர்த் தொட்டியில்கூட முக்கவில்லை. மாலை போல இரண்டு கையிலும் தொங்கவிட்டு எங்களிடம் காட்டினார். “எண்ணிக்குங்க தம்பி.” எண்ணினோம். பதினொரு ஒட்டு. சில இடத்தில் ஒட்டின் மேல் ஒட்டு. “இதுல இன்னும் ஒட்டணும்னா இடம் எங்க இருக்கு? இதைக் கொடுத்து ரெண்டு பேரை ஊருக்கு அனுப்பியிருக்கானே, அவன் வீட்டுப் புள்ளைங்களை இதுல அனுப்புவானா?” என்றார். அப்புறம் டயரின் பக்கவாட்டில் விரலை வைத்தார். சின்ன நீள்வட்டத்துக்குள் 0918 என்று நான்கு எண். முதல் இரண்டு எண் வாரம், அடுத்த இரண்டு எண் வருடம். 2018-ஆம் வருடம் ஒன்பதாவது வாரத்தில் செய்த டயர். பக்கவாட்டில் காய்ந்த ஏரி மாதிரி வெடிப்பு. இத்தனை வருடம் வண்டி ஓட்டுகிறேன், அந்த எண்ணுக்கு அர்த்தம் இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது.

புது டியூப் வாங்க மச்சான் ஒரு மீன் வண்டியில் தொற்றிக்கொண்டு பேராவூரணி போய்வந்தான். மூன்று மணி நேரம். தொண்டியில் பார்க்க நினைத்த மாலைக் கடல் போயிற்று. டியூப் காசும் கூலியும் எங்கள் கையிலிருந்து. பெரியவர் கேட்டது 150 ரூபாய்தான், நாங்கள் 300 கொடுத்தோம்.

நான்காம் நாள் ராமநாதபுரம் தாண்டி உச்சிப்புளி பக்கத்தில் வாகனச் சோதனை. உரிமம் கேட்டார்கள், போனில் அரசின் டிஜிலாக்கர் செயலியில் காட்டினேன், ஒத்துக்கொண்டார்கள். அதுவரை நல்லது. வண்டி எண்ணைக் கருவியில் தட்டிப் பார்த்த எஸ்.ஐ., “இன்சூரன்ஸ் முடிஞ்சு அஞ்சு மாசம் ஆச்சே, தெரியுமா?” என்றார். எனக்குக் காது அடைத்துவிட்டது. 2,000 ரூபாய் அபராதம், சலான் உரிமையாளர் பேரில். கடைக்குப் போன் போட்டால், “ரினியூ பண்ணியாச்சு சார், சைட்ல இன்னும் அப்டேட் ஆகலை.” நம்பினேன். நம்பாவிட்டால் பயணம் அங்கேயே முடிந்துவிடும் என்பதால் நம்பினேன் என்று சொல்வதுதான் உண்மை.

அன்று யார் மேலாவது மோதியிருந்தால் இழப்பீடு முழுவதும் ஓட்டியவர், உரிமையாளர் தலையில்தான். அந்த உரிமையாளரைத் தேடிப் பிடிப்பது நம் தலையெழுத்து. இன்னொன்று, வெள்ளைப் பலகை வண்டிக்கு இன்சூரன்ஸ் இருந்தாலும் அது சொந்த உபயோகத்துக்கு எடுத்தது. வாடகைக்கு விட்டிருந்தார்கள் என்று தெரிந்தால் கம்பெனி கையை விரிக்க அது ஒன்றே போதும்.

தனுஷ்கோடியைப் பற்றி நிறைய எழுதலாம். 1964 புயலில் போன ஊரின் சிதிலங்களைத் தாண்டி, இந்தப் பக்கம் அமைதியான பெண் கடல், அந்தப் பக்கம் அலையடிக்கும் ஆண் கடல், நடுவில் நூல் பிடித்தாற்போல் அரிச்சல்முனை வரை சாலை. நான் அந்தச் சாலையில் நாற்பதைத் தாண்டவில்லை, எதிரே வந்த ஒவ்வொரு வேனையும் எமனாகப் பார்த்தேன். காரைக்குடி, திருமயம், தஞ்சாவூர் எல்லாம் அப்படியே கழிந்தன.

ஆறாம் நாள் மாலை ஏழு மணிக்குக் கடையில் வண்டியை விட்டோம். இரவு பத்து மணிக்குச் சேலம் பஸ். கடையில் இருந்த பையன், “ஓனர் வந்துட்டிருக்கார்” என்றான். ஓனர் வந்தது 9:10-க்கு. எங்களுக்கு எத்தனை மணி பஸ் என்பது அவருக்குத் தெரியும், முதல் நாளே பேச்சுவாக்கில் நான்தான் உளறியிருந்தேன். போனதும் வந்ததும் ஒரே ஊர் என்ற பயணத்தில் இதுதான் சிக்கல். உரிமமும் பணமும் கிளம்பிய இடத்தில் கிடக்கிறது, நாம் களைத்துப்போய், நேரமில்லாமல், அங்கேதான் வந்து நிற்கவேண்டும். அவர் எங்கேயும் போகவேண்டாம், காத்திருந்தால் போதும்.

டார்ச்சை அடித்துக்கொண்டு நேராக வலப்பக்கம் போனார். தேடவே இல்லை. சைலன்சர் தகட்டில் ஒரு விரல் நீளக் கீறல். “இது புதுசு. 3,500.” அப்புறம் ரசீதின் பின்பக்கத்தைத் திருப்பச் சொன்னார். எறும்பு சைஸ் ஆங்கிலத்தில் நாளுக்கு 150 கிலோமீட்டர், மீறினால் கிலோமீட்டருக்கு 8 ரூபாய். நாங்கள் ஓடியது 1,080, ஆக 180 அதிகம், 1,440 ரூபாய். கழுவ 300. கடைசியாக, போலீஸ் அபராதம் 2,000. “உங்க இன்சூரன்ஸ் இல்லாததுக்கு நாங்க ஏன்...” என்று மச்சான் ஆரம்பித்தான். “ஓட்டினது நீங்கதானே தம்பி?” என்றார் சிரித்துக்கொண்டே. உரிமம் அவர் விரலிடுக்கில். மணி 9:35. வாங்கிக்கொண்டு ஓடினோம்.

இனி எடுத்தால் எப்படி எடுப்பேன் என்று சொல்கிறேன். முன்பணம் கட்டுவதற்கு முந்தைய நாளே வண்டி எண்ணைக் கேட்பேன். எம்பரிவாகன் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் இன்சூரன்ஸ், புகைச் சான்று எல்லாம் எந்தத் தேதி வரை என்று அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். எண் தர மழுப்பினால் அந்தக் கடை வேண்டாம். வெள்ளைப் பலகை என்றால் பேச்சே கிடையாது. அசல் உரிமம் தரமாட்டேன், நகல் தருவேன். கிலோமீட்டர் அளவை வாட்ஸாப்பில் எழுதி வாங்குவேன். வண்டியை எடுக்கும்போது படம் அல்ல, ஒரே ஓட்டமாகக் காணொளி, மீட்டரும் சைலன்சரும் டயர் எண்ணும் விழும்படி. செயினைப் பின் சக்கரத்தின் பின்பக்கத்தில் பிடித்து இழுத்தால் பல்லைவிட்டு எழும்பி வருகிறதா என்று பார்ப்பேன். ஆறு நாள் போகிறவன் அன்று காலை ஒரு மணி நேரம் அங்கே நின்றால் குடி முழுகிப் போகாது. திரும்புகிற நாளில் பஸ் டிக்கெட்டே போடமாட்டேன், போட்டாலும் வாயைத் திறக்கமாட்டேன்.

புகார் விஷயம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவு செய்தேன். அதற்குப் பதில் வராததால் சேலத்திலேயே நுகர்வோர் ஆணையத்துக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை. ரசீது, சலான், பஞ்சர் கடையில் எடுத்த டியூபின் படம் எல்லாம் சேர்த்தாயிற்று. கீறலுக்குத்தான் ஆதாரம் இல்லாமல் இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை மச்சான் அந்தக் கடைக்கு இணையத்தில் வாடிக்கையாளர்கள் போட்டிருந்த பழைய படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தான். நவம்பரில் யாரோ ஒரு பையன் ஆரோவில் பக்கத்தில் சாய்ந்து நின்று எடுத்த படம். அதே எண், வெள்ளைப் பலகை. பெரிதாக்கிப் பார்த்தோம். சைலன்சர் தகட்டில், அதே இடத்தில், ஒரு விரல் நீளக் கீறல்.